செயின் இல்லாத வண்டி

தோற்றவர்களைப் பற்றிப் பேசும்போது நாம் நியாயம் வழுவாமல் பேசுகிறோமா என்னும் சந்தேகம் சில காலமாக என் மனத்தை விட்டு அகலாமல் இருந்து வருகிறது. வென்றவர்களின் சரித்திரத்தில் தோற்றவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஒரே ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தையும் வென்றவர்களின் பக்கத்தில் நின்றுகொண்டுதான் எழுதுகிறார்கள். ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களின் கதை இதற்குத் தக்க திருஷ்டாந்தம். யுத்தம் முடிந்த பிற்பாடு அந்தத் தேசத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்தாபனங்கள் மோட்டார் சைக்கிள் செய்யப் புறப்பட்டன என்றும், கால் நூற்றாண்டு கழிவதற்குள் ஹோண்டா, யமஹா, சுஸுகி, காவாஸாகி என்ற நான்கு பெயர்களே எஞ்சின என்றும், தகுதியுள்ளவை நிலைத்தன, மற்றவை உதிர்ந்தன என்றும் அந்தக் கதையை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். கதையின் முற்பகுதி வெறும் தகவல், பிற்பகுதியோ தீர்ப்பு. தகவலோடு தகவலாக வந்து சேர்ந்துவிடுகிற காரணத்தால் அந்தத் தீர்ப்பை யாரும் இரண்டாம் முறை விசாரிப்பதில்லை. ஆனால் லைலாக் என்னும் பெயரைத் தாங்கி ஹமாமத்சு நகரத்திலிருந்து வெளிவந்து, ஏறக்குறைய 17 ஆண்டு காலம் ஓடி, பிறகு ஜனங்களின் ஞாபகத்திலிருந்து அறவே நழுவிப்போன ஒரு வண்டியைப் பற்றி யோசிக்க யோசிக்க, தகுதி என்று நாம் எதைச் சொல்லுகிறோம், அதை எந்தத் தராசில் வைத்து நிறுக்கிறோம் என்னும் கேள்வி எனக்குள் பெரிதாகிக்கொண்டே வருகிறது.

டோக்கியோவிலிருந்து மேற்கே செல்லும் பழைய டோக்காய்டோ பெருவழியின் மேல், சமுத்திரத்துக்குச் சமீபத்தில் அமைந்திருக்கும் ஹமாமத்சு, தறிகளுக்கும் ஆர்கன் வாத்தியங்களுக்கும் பேர்போன ஊராக இருந்தது. தறி செய்தவர்களிலிருந்து சுஸுகியும் வாத்தியம் செய்தவர்களிலிருந்து யமஹாவும் பிற்காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வந்து சேர்ந்தார்கள். அவ்வூரில் ஹோண்டா சொயிச்சிரோ 1928-ல் ஆர்ட் ஷொக்காய் என்னும் மோட்டார் பழுதுபார்க்கும் கடையின் கிளையொன்றைத் திறந்து நடத்தி வந்தார். அந்தப் பட்டறையில் அவரிடம் தொழில் கற்றுக்கொண்ட பையன்களில் ஒருவர் இட்டோ மசாஷி. யுத்தத்துக்குப் பின் குருநாதர், இராணுவம் விட்டுச்சென்ற கம்பியில்லாத் தந்தி ஜெனரேட்டர்களின் சிறு எஞ்சின்களைச் சைக்கிள்களில் பூட்டி விற்றுத் தம்முடைய மகத்தான வாழ்வின் இரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்கினார். சிஷ்யரோ 1948-ல் மாருஷோ என்னும் ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, 1950-வாக்கில் தம் முதல் மோட்டார் சைக்கிளை வெளியே கொண்டுவந்தார். தம் மனைவிக்குப் பிரியமான புஷ்பத்தின் பெயரையே வண்டிக்குச் சூட்டினார் என்று சொல்வார்கள். அந்நாளில் ஹமாமத்சுவின் தெருக்களில் எஞ்சின் செய்யாத கொல்லுப்பட்டறையைக் காண்பதே அரிது என்னும்படியாக டஜன் கணக்கில் வண்டிகள் பிறந்து மடிந்துகொண்டிருந்தன. அவற்றில் பெரும்பாலானவை ஒன்றையொன்று பார்த்துச் செய்யப்பட்டவை. லைலாக் அவற்றிலிருந்து ஒரே ஒரு விஷயத்தில் வேறுபட்டு நின்றது. அந்த ஒரு விஷயத்திலேயே அதன் பெருமையும் அதன் அழிவும் அடங்கியிருந்தன. அதற்குச் செயின் கிடையாது.

செயின் என்பது மோட்டார் சைக்கிளின் உறுப்புக்களில் மிகவும் எளியது. மிகவும் இரக்கத்துக்குரியதும் அதுதான். எஞ்சினின் முழு பலத்தையும் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் பொறுப்பு அதனுடையது; ஆனால் வண்டியின் மற்ற முக்கியமான பாகங்களெல்லாம் உலோகக் கூட்டுக்குள் எண்ணெயில் சுகமாக மிதந்துகொண்டிருக்க, இது மட்டும் சாலையிலிருந்து எழும் புழுதிக்கும் சேற்றுக்கும் முகம் கொடுத்துக்கொண்டு வெளியே சுழல்கிறது. மண்ணெண்ணெயில் நனைத்த பழந்துணியைக் கொண்டு ஒரு செயினைக் கண்ணி கண்ணியாகத் துடைத்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். முதலில் துணியில் ஏறுவது கறுப்பு. அந்தக் கறுப்பு போன பிறகும் விரல் நுனியில் ஏதோ நெறுநெறுக்கிறது. எண்ணெயில் ஒட்டிக்கொண்ட மணல்தூள் அது. தேய்மானத்தைத் தடுப்பதற்காக இட்ட எண்ணெய் அந்தத் தூளோடு சேர்ந்ததும் சாணைக்கல் போலாகி, காக்க வேண்டிய இரும்பையே ஒவ்வொரு சுற்றிலும் தின்னத் தொடங்குகிறது. கண்ணிகளின் ஆணிகள் இம்மி இம்மியாகத் தேய, செயின் நீள்கிறது. நீண்ட செயின் தொய்கிறது. தொய்ந்த செயின் பற்சக்கரத்தின் பற்களில் சரியாக உட்காராமல் அவற்றைக் கொக்கியாக வளைத்துவிடுகிறது. இவ்வளவும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஓட்டுகிறவன் கவனியாத போது, கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் நிச்சயமாக நடக்கிறது. ஆகவே செயினுள்ள வண்டியை வைத்திருப்பவன் அதற்குத் தன் வாழ்நாளில் ஒரு பகுதியைத் தவணை முறையில் செலுத்திக்கொண்டே இருக்க வேண்டியவனாகிறான்.

இந்தத் தவணை எவ்வளவு பாரமானது என்பது சாலையைப் பொறுத்தது. 1956-ல் ஜப்பானிய அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் வந்து பெருவழிகளைப் பரிசீலித்த வாட்கின்ஸ் குழுவினர், தொழில் வளம் மிகுந்த தேசங்களில் சாலைகளை இவ்வளவு தூரம் புறக்கணித்த தேசம் வேறொன்றில்லை என்னும் கருத்தைத் தயக்கமின்றி எழுதி வைத்தார்கள். முதல் தரத் தேசியப் பெருவழிகளிலேயே 77 சதவிகிதம் தளமிடப்படாமல் கிடந்தன. முதல் தரச் சாலைகளே அப்படியென்றால் கிராமத்துப் பாதைகளைப் பற்றிக் கேட்பானேன்? மழை பெய்தால் உழவு வயலும் வெயிலடித்தால் புழுதிக்காடுமாக மாறுகிற அந்தப் பாதைகளில்தான் மீன் வியாபாரியும் தபால்காரனும் வைத்தியரும் மோட்டார் சைக்கிளில் போய் வர வேண்டியிருந்தது. லைலாக்கைச் செய்தவர் அந்த மனிதர்களைத்தான் பார்த்தார் என்று நான் நினைக்கிறேன். பழுதுபார்க்கும் பட்டறையில் வளர்ந்தவருக்கு வண்டிகள் எந்த நிலையில் திரும்பி வருகின்றன என்பது தெரியும். புதிதாக வண்டி வாங்குகிறவனின் சந்தோஷத்தை விற்பனையாளன் அறிவான். வாங்கி மூன்று மழைக்காலம் கழிந்தவனின் சலிப்பைப் பட்டறைக்காரன்தான் அறிவான். அந்தச் சலிப்புக்கு மூலகாரணமான உறுப்பையே வண்டியிலிருந்து நீக்கிவிட வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியது என்றால், அதை வெறும் யந்திர சாமர்த்தியம் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. அதில் கருணையும் கொஞ்சம் கலந்திருக்கிறது.

செயினுக்குப் பதிலாக அவர் அமைத்தது ஷாஃப்ட். அதாவது எஞ்சினிலிருந்து பின்சக்கரத்தின் மையம் வரை குழாய்க்குள் சுழன்றுகொண்டிருக்கும் ஓர் உருக்குத் தண்டு. பின்சக்கரத்தின் நடுவே கைமுஷ்டியை விடச் சற்றுப் பெரிதான உலோகக் கூடு ஒன்று இருக்கும். அதற்குள் எண்ணெயில் அமிழ்ந்தபடி இரண்டு பெவல் கியர்கள், ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் கடித்துக்கொண்டு, தண்டின் சுழற்சியைச் சக்கரத்தின் சுழற்சியாகத் திருப்பிவிடும். வெளியே நின்று பார்த்தால் ஒன்றும் அசைவதாகத் தெரியாது. சேறு கூட்டின் மேல் அப்பிக்கொள்ளலாம்; உள்ளே புக முடியாது. எப்போதாவது எண்ணெயை மாற்றுவதைத் தவிர, வண்டிக்குச் சொந்தக்காரன் அந்தப் பக்கம் குனிந்து பார்க்க வேண்டிய அவசியமே நேராது. ஆனால் அவனுக்கு மிச்சமான அவ்வளவு சிரமத்தையும் வேறொருவர் முன்கூட்டியே பட்டாக வேண்டும். பெவல் கியரின் பற்கள் வளைந்தும் சரிந்தும் அமைந்தவை; அவற்றைச் சீவுவதற்குப் பிரத்தியேகமான யந்திரங்களும், பதப்படுத்துவதற்கு நிதானமும் வேண்டும். சீவிய பிறகு இரண்டையும் ஜோடி சேர்த்து, பற்களில் வர்ணம் தடவிச் சுழற்றி, கடிபடும் தடம் பல்லின் நடுவில் விழுகிறதா என்று பார்த்து, தலைமயிர்க் கனமுள்ள தகடுகளை வைத்து இடைவெளியைச் சரிக்கட்ட வேண்டும். ஒரு பிசகு நேர்ந்தால் கூடு ஊளையிடும். இன்னொரு பிசகு நேர்ந்தால் பற்கள் உடையும். இவ்வளவு செய்தும், நன்றாகப் பேணப்பட்ட செயினோடு ஒப்பிட்டால் சிறிது பலம் வழியிலேயே விரயமாகத்தான் செய்யும், எடையும் கூடும். 1923-ல் தன் முதல் மோட்டார் சைக்கிளிலேயே ஷாஃப்டை அமைத்த பி.எம்.டபிள்யூ, பெரிய வண்டிகளை நல்ல விலைக்கு விற்று இந்தச் செலவைத் தாங்கிக்கொண்டது. லைலாக்கோ 90 சி.சி. கொள்ளளவுள்ள பேபி லைலாக் என்னும் சின்னஞ்சிறு வண்டியில்கூடச் செயினை அனுமதிக்கவில்லை. சீமான்களின் சௌகரியமாக இருந்ததை ஒருவர் மீன்கூடை சுமக்கும் வண்டிக்குக் கொண்டுவந்தார் என்பதே இதில் என்னை ஆட்கொள்ளும் அம்சம்.

தகுதியில்லாத வண்டி என்று அதை ஒதுக்குகிறவர்களுக்கு 1955-ஆம் ஆண்டின் அஸாமா பந்தயத்தை நினைவூட்ட வேண்டும். எரிமலையொன்றின் சாரலில், சாம்பலும் கருஞ்சரளையும் விரவிய மலைப்பாதையில், ஜப்பானிய வண்டிகளுக்குள் யாருடையது உறுதியானது என்று பார்ப்பதற்காக அந்த நவம்பர் மாதத்தில் முதல் முறையாக அது நடந்தது. 125 சி.சி. வகுப்பில் அப்போதுதான் தொழிலுக்குள் நுழைந்திருந்த யமஹா வென்றது. 350, 500 வகுப்புகளில் ஹோண்டா வென்றது. 250 சி.சி. வகுப்பில், ஹோண்டாவின் வண்டிகளை முந்திக்கொண்டு முதலில் வந்து சேர்ந்தது லைலாக். அதை ஓட்டியவன் இட்டோ ஃபூமியோ என்னும், 16 வயதை ஒட்டிய ஒரு சிறுவன். வண்டியைச் செய்தவருக்கும் அவனுக்கும் குலப்பெயர் ஒன்றாக அமைந்தது தற்செயல். அவனே பின்னாளில் 1963-ல் பெல்ஜியம் கிராண்ட் பிரீயில் யமஹாவின் மேல் வென்று, அந்த ஸ்தாபனத்துக்கு உலகப் பந்தயங்களில் முதல் வெற்றியைத் தேடிக்கொடுத்தான். சாம்பல் புழுதி கண்ணை மறைக்கும் அந்தப் பாதையில், தம்மிடம் கருவி பிடிக்கக் கற்றுக்கொண்ட பையனின் வண்டி தம் வண்டிகளுக்கு முன்னால் போவதைக் கண்ட குருவின் மனத்தில் என்ன ஓடியிருக்கும் என்பதை ஊகித்து எழுத நான் துணியவில்லை. ஆனால் அன்று நடந்ததன் பொருள் ஒன்று உண்டு. லைலாக்கின் உறுதியைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான சாலையை யாரும் தேர்ந்தெடுத்திருக்க முடியாது. அந்தச் சாலையில் அது தேறியது. எனவே யந்திரம் என்ற அளவில் அதன் தகுதி சந்தேகத்துக்கு இடமில்லாதது. பின் எதில்தான் அது தவறியது?

மூன்று ஆண்டுகள் கழித்து, 1958 ஆகஸ்டில், ஹோண்டா ஒரு பதில் சொன்னார். பதில் என்று உணர்ந்து சொன்னாரோ இல்லையோ, இன்றைக்கு அதை அப்படித்தான் வாசிக்கத் தோன்றுகிறது. சூப்பர் கப் என்னும் 50 சி.சி. வண்டி 55,000 யென் விலையில் வெளிவந்தது. அதில் செயின் இருந்தது. ஆனால் அந்தச் செயினை முன்னும் பின்னும் மேலும் கீழுமாக ஒரு தகட்டுக் கூட்டுக்குள் முழுவதும் மூடிவிட்டிருந்தார்கள். எவ்வளவு எளிமையான யோசனை! சேறு படாது, எண்ணெய் தெறிக்காது, ஆடை சிக்காது. எப்போதாவது கூட்டைத் திறந்து தொய்வைச் சரிசெய்துகொண்டால் போதும். பெவல் கியர் சீவும் யந்திரமும் தேவையில்லை, ஜோடி சேர்க்கும் நிதானமும் தேவையில்லை; தகடு வளைக்கும் அச்சு ஒன்று இருந்தால் ஆயிரக்கணக்கில் செய்துகொண்டே போகலாம். 1960-ல் சுஸுக்காவில் இதற்கென்றே பெரிய தொழிற்சாலை எழுந்தது. 2017-க்குள் அவ்வண்டியின் எண்ணிக்கை பத்துக் கோடியைத் தாண்டிவிட்டது. நம் ஊருக்கும் அந்த யோசனை வந்து சேர்ந்தது. 1985-ல் ஹீரோ ஹோண்டா கொண்டுவந்த சி.டி. 100-ல் செயின் முழுவதும் மூடப்பட்டிருந்தது. பால்காரர்களும் பள்ளிக்கூட ஆசிரியர்களும் அதை நம்பி வாங்கியதற்கு மைலேஜ் முதற்காரணம் என்றால், அந்தச் செயின் கவர் தந்த நிம்மதியும் ஒரு காரணந்தான். இன்று நம் தெருவில் ஓடும் எத்தனையோ வண்டிகளின் செயின் கவரில், ஹமாமத்சுவின் சேற்றுப் பாதையில் எழுந்த ஒரு கேள்விக்குக் கிடைத்த இரண்டாவது விடையை நாம் பார்த்துக்கொண்டிருக்கிறோம். முதல் விடையைப் பார்த்தவர் நம்மில் யாரும் இல்லை.

இந்த இடத்தில் என் அனுதாபத்தையே நான் சந்தேகிக்க வேண்டியிருக்கிறது. தோற்றவன் என்பதற்காகவே ஒருவனை நேசிப்பது எழுதுகிறவர்களுக்கு எளிதில் வந்துவிடும் பலவீனம். அதில் நேசிக்கிறவனுக்கு ஒரு சௌகரியமும் இருக்கிறது, ஏனெனில் தோற்றவன் திரும்பி வந்து எதையும் மறுக்கப் போவதில்லை. சூப்பர் கப்பைச் சாதாரணமான வண்டி என்றும் லைலாக்கைக் கலைப்படைப்பு என்றும் பிரித்து வைப்பது நியாயமாகுமா? பத்துக் கோடிப் பேருடைய பிரயாணத்தை இலகுவாக்கிய கருணை, வெகு குறைவான பேருடைய பிரயாணத்தை அதைவிட இலகுவாக்கிய கருணைக்கு எந்த விதத்தில் தாழ்ந்தது? குருவும் சிஷ்யரும் ஒரே பட்டறையில், ஒரே விதமான பழுதுகளைப் பார்த்துத்தான் பாடம் கற்றார்கள். ஒருவர் நோயை வேரோடு களைய விரும்பினார். மற்றவர் எல்லோருக்கும் எட்டுகிற விலையில் நோயைத் தணிக்க வழி கண்டார். இரண்டும் வைத்தியந்தான். இப்படி வாதித்துப் பார்க்கும்போது என் கட்சி பலவீனப்பட்டுவிடுகிறது என்பதை உணருகிறேன். ஆயினும் மனம் சமாதானமடைவதில்லை. முதல் வைத்தியம் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு விலை மட்டுமே காரணமாக இருந்திருந்தால், அது பணக்காரர்களின் வண்டியாகவாவது ஒரு மூலையில் உயிர் தரித்திருக்கலாமே?

அந்த வழியையும் இட்டோ பார்த்தார். 1959-ல் வந்த எல்.எஸ். 18 என்னும் 250 சி.சி. வண்டி லைலாக்கின் வம்சத்திலேயே அழகானது. இரண்டு சிலிண்டர்கள் வி வடிவத்தில் பெட்ரோல் டாங்கியின் இரு பக்கமும் துருத்திக்கொண்டு காற்றை வாங்கும். கிராங்க் ஷாஃப்ட் வண்டியின் நீளவாக்கில் கிடப்பதால், எஞ்சினிலிருந்து புறப்பட்ட சுழற்சி பின்சக்கரத்தை அடையும் வரை நேராகச் சென்று, அங்கே ஒரே ஒரு முறை திரும்பினால் போதும். இத்தகைய எஞ்சின் உள்ள வண்டியை நிறுத்தி வைத்து ஆக்ஸிலரேட்டரைச் சற்று முறுக்கினால், வண்டி முழுவதும் ஒரு பக்கமாக மெல்லச் சாய்ந்து எழும்; உள்ளே சுழலும் உலோகத்தின் எதிர்விசை தொடைகளில் தெரியும். ஆனால் 1961-ல் மாருஷோ கடனில் முழுகியது. அதே காலத்தில் சாலைகளும் மாறத் தொடங்கிவிட்டன. வாட்கின்ஸ் குழுவின் அறிக்கைக்குப் பின் ஜப்பான் வெறிகொண்டாற்போல் தளமிட்டது. 1963-ல் மெய்ஷின் அதிவேகச் சாலையின் முதல் பகுதி திறக்கப்பட்டது. 1969-ல் டோமெய் அதிவேகச் சாலை ஹமாமத்சுவையே தொட்டுக்கொண்டு டோக்கியோவுக்கும் நகோயாவுக்கும் இடையே முழுமையடைந்தது. தார்ச் சாலையில் செயினுக்கு அவ்வளவு துன்பம் இல்லை. பிற்பாடு கண்ணிகளுக்குள்ளேயே கிரீஸை அடைத்து ரப்பர் வளையமிட்டு மூடும் முறையும் வந்துவிட்டது. ஒரு கேள்விக்கு மிகச் சிறந்த விடையை ஒருவர் பாடுபட்டுத் தயாரித்துக்கொண்டிருக்கும்போதே, கேள்வி தன் காரத்தை இழந்துவிடுகிறது. பிறகு வருகிறவர்களுக்கு அந்த விடை ஓர் ஆடம்பரமாகத் தோன்றுகிறது. விடையைப் பழித்துப் பயனில்லை. அது எந்தச் சாலைக்காகப் பிறந்ததோ அந்தச் சாலை போய்விட்டது.

கடனில் முழுகிய பிறகு 1964-வாக்கில் மீண்டும் எழுந்தபோது, அவர் செய்த காரியந்தான் என்னை அதிகமாக அலைக்கழிக்கிறது. ஊரிலெல்லாம் எது விற்கிறதோ அதைச் செய்து பிழைத்துக்கொள்ளும் வழி அவருக்குத் திறந்துதான் இருந்தது. அவரோ 500 சி.சி. கொள்ளளவில், இரண்டு சிலிண்டர்களும் எதிரெதிராகப் படுத்திருக்கும் ஒரு பெரிய வண்டியைச் செய்து அமெரிக்காவுக்கு அனுப்பினார், அதிலும் ஷாஃப்ட். அங்கே மாருஷோ என்ற பெயரிலேயே அது விற்கப்பட்டது. போதிய அளவு விற்கவில்லை. 1967-ல் கதை முடிந்தது. அதே 1967-ல் இத்தாலியில் மோட்டோ குஸ்ஸி ஸ்தாபனம், டாங்கியின் இரு பக்கமும் துருத்தும் இரண்டு சிலிண்டர்களும் ஷாஃப்டும் கொண்ட வி 7 என்னும் வண்டியை விற்பனைக்குக் கொண்டுவந்து, அந்த அமைப்பையே இன்று வரை தன் குலச்சின்னமாக வைத்துக்கொண்டிருக்கிறது. நெடும்பயணம் போகிறவர்களிடையே அந்தக் கேள்வி உயிரோடுதான் இருந்தது என்பதற்கு இது அத்தாட்சி. ஆகவே இட்டோவின் விடாப்பிடியை மூடத்தனம் என்று சொல்ல இயலவில்லை. லட்சியம் என்று கொண்டாடிவிடவும் இயலவில்லை. ஏனெனில் ஒரு ஸ்தாபனம் மூடப்படும்போது அதன் கீழ் ஜீவித்தவர்களும், அதை நம்பிக் கடனுக்குச் சரக்கு கொடுத்தவர்களும் தெருவுக்கு வருகிறார்கள். ஒரு மனிதரின் சிரத்தைக்கு இத்தனை பேர் விலை கொடுக்கலாமா என்று கேட்டால் என்னிடம் ஒரே சொல்லில் விடை இல்லை.

பழைய வண்டிகளைத் தேடிச் சேகரிப்பவர்கள் அறிந்த ஒரு சங்கதியை நினைத்தபோதுதான் இந்த விஷயத்தில் எனக்குச் சிறிது வெளிச்சம் பிறந்தது. மறைந்துபோன ஸ்தாபனத்தின் வண்டியில் செயின் அறுந்தால், அளவைச் சொல்லிக் கேட்டு எந்தக் கடையிலும் வேறொன்று வாங்கி மாட்டிவிடலாம். பற்சக்கரத்தையும் கடைசல் பட்டறையில் கொடுத்துச் செய்துகொள்ளலாம். டோஹட்சு என்னும் ஜப்பானிய ஸ்தாபனம் 1964-ல் வீழ்ந்தது. மெகுரோ என்னும் இன்னொன்று அதே ஆண்டு காவாஸாகியில் கரைந்தது. இருந்தும் அவர்களுடைய வண்டிகளின் செயினைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. லைலாக்கின் பெவல் கியர் ஒரு பல் உடைந்தால் என்ன செய்வது? அது ஜோடியாகச் சீவப்பட்டு, ஜோடியாகவே பொருத்தப்பட்டது. செய்தவர் இல்லாத இடத்தில் அதற்கு மாற்றில்லை. இன்னொரு லைலாக்கின் உடலிலிருந்து எடுத்தால்தான் உண்டு. சொந்தக்காரனைக் கவலையிலிருந்து விடுவித்த யந்திரம், தன்னைச் செய்தவரின் ஆயுளோடு தன்னைப் பிணைத்துக்கொண்டுவிட்டது. செயினுள்ள வண்டியில் பராமரிப்பின் பாரம் ஓட்டுகிறவன், கடைக்காரன், பட்டறைக்காரன் என்று பல தோள்களின் மேல் பரவியிருக்கிறது. யாரோ ஒருவர் மறைந்தாலும் வண்டி ஓடும். ஷாஃப்ட் அமைத்தவர் அத்தனை பாரத்தையும் தம் ஒரே தோளில் ஏற்றிக்கொண்டார். நீ குனிய வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாங்குகிறவனுக்கு அவர் கொடுத்த வாக்கு அது. அப்படிப்பட்ட வாக்கை நிறைவேற்றப் பெரிய மூலதனமும் நீண்ட ஆயுளும் வேண்டும். பி.எம்.டபிள்யூவுக்கு அவை வாய்த்தன. இவருக்கு வாய்க்கவில்லை.

எனவே நிலைத்தவர்களுக்கும் உதிர்ந்தவர்களுக்கும் இடையே தகுதி என்று எதையாவது கோடு கிழித்துக் காட்ட வேண்டுமானால், பிறருக்கு எவ்வளவு வாக்குக் கொடுக்கலாம் என்று அளந்து பார்க்கும் விவேகத்தையே நான் காட்டுவேன். ஹோண்டாவிடம் அந்த விவேகம் அபாரமாக இருந்தது. செயினை மூடிக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை நீயும் கொஞ்சம் கவனித்துக்கொள் என்று சொல்லி அவர் பாரத்தைப் பங்கிட்டார். உலகம் நடப்பது இத்தகைய பங்கீட்டினால்தான். அதைக் குறைத்துப் பேசுவதற்கு எனக்கு அதிகாரமில்லை. ஆனால் அளவு கடந்து வாக்குக் கொடுத்தவரைத் தகுதியற்றவர் என்னும் சொல்லால் மூடிவிடுவதற்கு யாருக்கும் அதிகாரமில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் செயின் போதும் என்றே ஜனங்கள் சொல்லியிருப்பார்கள், ஏனெனில் அதற்கு மேல் ஆசைப்பட அவர்களுக்குத் தெரிந்திராது. கேட்காததைக் கொடுக்க முற்பட்டு, 90 சி.சி. வண்டிக்காரனையும் அதற்கு உரியவனாக மதித்து, ஏறக்குறைய 17 ஆண்டு காலம் அந்த வாக்கைச் சுமந்தபின் அவர் சாய்ந்தார். சரித்திரத்தில் அவருக்கு ஒரு வாக்கியந்தான் இடம் உண்டு என்றால், அந்த வாக்கியம் அவர் எவ்வளவு காலம் சுமந்தார் என்பதைச் சொல்லட்டும்.